பெங்களூர் கப்பன் பார்க் நிழல்ல நாயோட நடக்கிறப்போ யாரைப் பாத்தீங்க, என்ன நடந்துச்சு? உங்க அனுபவத்தையும் போடுங்க

ஹலசூர் அக்கா:

எங்க முத்து ராஜபாளையம், மூணரை வயசு, ஒடம்பு பூரா வெள்ளை, மூக்கு ரோஸ் கலரு, பொறந்ததுலேர்ந்தே ரெண்டு காதும் கேக்காது. ராஜபாளையத்துல இது அங்கங்க வர்றதுதான்னு டாக்டர் சொன்னாரு, தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற அந்த செல்லுதான் உள்காதுலயும் இருக்கணுமாம், ரொம்ப வெள்ளையா பொறக்குற குட்டிக்கு அது அங்க இல்லாம போயிட்டா காது நரம்பு கொஞ்ச வாரத்துலயே செத்துடுதாம். நாங்க வாங்கும்போது எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, கூப்பிட்டா திரும்பல, கொழுப்புன்னு நெனச்சோம், ஒரு நாள் பக்கத்துல குக்கர் மூடி கீழ விழுந்து தெரு பூரா கேட்டுச்சு, அவன் தூக்கத்துலேர்ந்து அசையவே இல்ல, அப்பதான் எனக்கு அடிவயிறு பிசைஞ்சுது.

ரோட்டுல கூட்டிட்டுப் போக முடியாது, பின்னாடி வர்ற பைக்கு அவனுக்குத் தெரியாது. அதான் வாரத்துல நாலு நாள் காலையில ஆட்டோ புடிச்சு கப்பன் பார்க் வர்றோம், எங்க தெரு ஆட்டோக்கார அண்ணன் திருப்பத்தூர்க்காரரு, முத்துவுக்காகவே சீட்டுல பழைய பெட்ஷீட் விரிச்சு வச்சிருப்பாரு. கஸ்தூர்பா ரோடு பக்கமா உள்ள வந்து மூங்கில் புதர் வரைக்கும் போயிட்டு லைப்ரரியோட செவப்பு கட்டடத்தைச் சுத்தித் திரும்புவோம். ஏத்தமே இல்ல, மேல பூரா தூங்குமூஞ்சி மரம், மார்ச் மாசத்துலகூட ஒம்பது மணி வரைக்கும் தரை சூடாகாது. எனக்கு முட்டி வலி, அவனுக்குக் காது கேக்காது, எங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பாதைதான் ஒத்து வருது.

இப்ப நான் எழுத வந்தது ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை நடந்தது. ஞாயித்துக்கிழமை உள்ள வண்டி விட மாட்டாங்க இல்லையா, அதனால நெறைய பேர் நாயக் கூட்டிட்டு வருவாங்க. மூங்கில் பக்கம் போயிட்டிருக்கோம், பின்னாடியிருந்து ஒரு லேப்ரடார், செயின் கிடையாது, நல்ல முப்பது கிலோ இருக்கும், நேரா ஓடி வருது. அதோட ஓனர் எங்கயோ தூரத்துல நின்னுக்கிட்டு "ஏனூ மாடல்லா மேடம், ஃப்ரெண்ட்லி, ஃப்ரெண்ட்லி"ன்னு கத்துறாரு, ஒண்ணும் பண்ணாதாம். எனக்குக் கேட்டுச்சு, முத்துவுக்குக் கேக்கலையே. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் திடீர்னு முதுகு மேல ஒரு பாரம் விழுந்தது மட்டும்தான். திரும்புனான், கடிச்சுட்டான். லேப்ரடாரோட காது நுனி கிழிஞ்சு ரத்தம், நான் துப்பட்டாவால அழுத்திப் புடிச்சேன், அந்த மனுஷன் வந்து என்னைப் பாத்து சொன்னது "இந்த மாதிரி நாய எல்லாம் எதுக்குங்க பார்க்குக்குக் கூட்டிட்டு வர்றீங்க". என் நாய் செயின்ல இருந்தான். பார்க்ல செயின் கட்டிதான் கூட்டிட்டு வரணும்னு போர்டே இருக்கு. அன்னைக்கு நைட்டு எனக்குத் தூக்கமே வரல. அந்த லேப்ரடார் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அது குழந்தை மாதிரி வால ஆட்டிக்கிட்டு வந்துச்சு, அதுக்கு யாரும் கத்துக் குடுக்கல அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். மூங்கில் பக்கத்துல ஒரு பார்க் நாய் இருக்கு, வயசான பொட்டை, மூஞ்சி நரைச்சிருக்கும், ஒரு காது நுனியில சின்ன வெட்டு இருக்கும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆச்சுன்னு அடையாளத்துக்குப் போடுற வெட்டு அது. நடக்க வர்றவங்க எல்லாரும் அஜ்ஜின்னு கூப்பிடுவாங்க, கன்னடத்துல பாட்டின்னு அர்த்தம். மொத நாள் அவ முத்துவைப் பாத்தப்ப பயந்து செத்துட்டேன், தெருநாய் இடத்துக்குள்ள நம்ம போறோம்னு. அவ எந்திரிச்சா, நேரா வரவே இல்ல. பெரிசா ஒரு அரை வட்டம் போட்டு, தரையை மோந்துக்கிட்டே, வேற எங்கயோ பாக்குற மாதிரி பக்கவாட்டுல வந்து நின்னா. முத்துவும் தலையைத் திருப்பிக்கிட்டான். அப்புறம்தான் ரெண்டும் வால் பக்கம் மோந்து பாத்துச்சுங்க, மூணு செகண்ட்தான் இருக்கும், அவ திரும்பிப் போயிட்டா. நேரா மூஞ்சிக்கு மூஞ்சி வர்றது நாய்ங்களுக்கு மரியாதை கெட்ட விஷயம்னு அவகிட்டதான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் செயின இழுத்துப் புடிக்காம லூசா விட்டது அன்னைக்கு பயத்துல கை ஓடாம நின்னதால, ஆனா அதுதான் சரியாம், இழுத்தா நாய் நெஞ்சு முன்னாடி தூக்கிக்கும், எதிர்ல வர்றதுக்கு அது சண்டைக்கு நிக்கிற மாதிரி தெரியும்.

அப்போலேர்ந்து யார் எதிர்ல வந்தாலும், மனுஷங்களோ நாயோ, நான் முத்துவைக் கூட்டிட்டு பாதையை விட்டுப் புல்லுல இறங்கி அரை வட்டமா சுத்திப் போறேன். அவனுக்கு மஞ்சள் கலர்ல ஒரு கோட்டு தச்சுப் போட்டிருக்கேன், கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் காது கேக்காதுன்னு எழுதி. உங்களுக்கும் இந்தப் பாதையில நடந்தது ஏதாவது இருந்தா எழுதுங்க.


சிப்பிப்பாறைக்காரன்:

அக்கா படிக்கும்போதே கோவம் வருது. அந்தாளு வைத்திய செலவு கேட்டாரா என்ன?

நம்மகிட்ட இருக்கறது சிப்பிப்பாறை, ஊர் சாத்தூர் பக்கம், வேலைக்காக இங்க வந்தப்ப கூடவே கூட்டிட்டு வந்துட்டேன். நம்மளுக்கு தினமும் நடக்குற சந்திப்பு ஒண்ணே ஒண்ணுதான், யாராச்சும் வந்து "முதோளா சார்?"ன்னு கேப்பாங்க, அது கர்நாடகத்து வேட்டை நாய். தப்பில்ல, ஒல்லி ஒடம்பு, நீட்டு மூஞ்சி, வயிறு உள்ள ஒட்டி இருக்கும், பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மொதல்ல எல்லாம் இல்ல இல்லன்னு வாதாடுவேன். ஒரு நாள் பாகல்கோட் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், செக்யூரிட்டி வேலை பாக்குறவரு, ட்யூட்டி முடிச்சுட்டு பெஞ்சுல உக்காந்திருந்தாரு, நாயப் பாத்ததும் எந்திரிச்சு வந்து கேட்டுட்டுத்தான் தொட்டாரு. அவரு வீட்ல சின்ன வயசுல முதோள் நாய் வச்சு முயல் புடிச்சிருக்காங்களாம். எங்க தாத்தாவும் அதேதான் செஞ்சாரு, கரிசக்காட்டுல. எனக்குக் கன்னடம் அரைகொறை, அவருக்குத் தமிழ் தெரியாது, முக்கா மணி நேரம் பேசிட்டு இருந்தோம், நாய் எங்க ரெண்டு பேர் கால் நடுவுல படுத்து தூங்கிடுச்சு. 2005ல நம்ம நாட்டு நாய்ங்களுக்கு தபால் தலை விட்டாங்க, அதுல ராஜபாளையமும் முதோளும் ரெண்டும் இருக்கு, சிப்பிப்பாறை இல்ல, அதை அவர்கிட்ட சொன்னப்ப ரொம்ப வருத்தப்பட்டாரு, என்னை விட.

ஒண்ணு மட்டும் சொல்லணும், வேட்டை நாய் வச்சிருக்கவங்க நிழல் பாதைன்னு நம்பி செயின அவுக்காதீங்க. அணில் ஓடுச்சுன்னா இவனுங்களுக்கு நம்ம குரல் காதுலயே ஏறாது. முத்துவுக்குக் காது கேக்காது, என் பயலுக்கு அந்த நேரத்துல கேக்காது, வித்தியாசம் ஒண்ணும் இல்ல.


ஹலசூர் அக்கா:

செலவு அவரு கேக்கல தம்பி, நானே நம்பர் குடுத்தேன், கூப்பிடவும் இல்ல. அந்த லேப்ரடார் நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும்.


ஜெயநகர் ஏழாவது பிளாக்:

எங்களுக்குப் பக்கத்துல லால்பாக் இருக்கு, அவ்ளோ பெரிய தோட்டம், அவ்ளோ நிழல், ஆனா உள்ள நாய விட மாட்டாங்க. தெரியாம மொத தடவ கேட் வரைக்கும் போயிட்டு வாட்ச்மேன் திருப்பி அனுப்பினாரு, அவரு மேல தப்பில்ல, ரூல் அது. அதனால நாங்களும் கப்பன் பார்க்தான், ஞாயித்துக்கிழமை மட்டும்.

போன வருஷம் மழைக்கு அப்புறம் நடந்ததை எழுதுறேன், யாருக்காவது உதவும். எங்க பீகிள் குட்டிக்கு எலை குவிஞ்சு கெடந்தா அதுல பொரளாம வராது, நானும் விளையாடட்டும்னு விட்டுடுவேன், வீட்டுக்கு வந்து மேலோட்டமா தட்டி விடுவேன். ஒரு பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு சாப்பாடு குறைஞ்சுது, வெயிலுக்குன்னு நெனச்சேன், அப்புறம் படியேறல, ஒரு காலையில தரையில ரெண்டு சொட்டு ரத்தம், மூக்குலேர்ந்து. உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு வெளுத்துக் கெடக்கு. உண்ணிக் காய்ச்சல். பிளேட்லெட் அதலபாதாளத்துல. நாலு வாரம் மாத்திரை, டாக்ஸிசைக்ளின்தான் முக்கியமா குடுத்தாங்க, மொத வாரம் டிரிப்ஸ். பொழச்சுக்கிச்சு, ஆனா அந்த மொத வாரம் நானும் என் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி ராத்திரி கூடவே உக்காந்திருந்தோம்.

இப்ப நடந்துட்டு வந்த உடனே காதுக்கு உள்பக்கம், காதுக்குப் பின்னாடி, கால் விரல் நடுவுல, கழுத்துப் பட்டைக்கு அடியில, அக்குள், வால் அடி, இவ்வளவும் விரலால தடவிப் பாப்பேன். உண்ணி கெடச்சா நசுக்கக் கூடாது, ட்வீசரால தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா மேல இழுக்கணும். உண்ணி மருந்தும் டாக்டர் சொன்ன தேதி தவறாம போடுறோம். நிழலும் ஈரமும் நமக்கு எவ்வளவு சுகமோ உண்ணிக்கும் அவ்வளவு சுகம். பீகிள் இப்பவும் எலைல பொரளுது, இழுத்துட்டு வந்துடுறேன், என்னைக் கோவமா பாக்கும், பாக்கட்டும்.


மாதுங்கா மாமா:

நான் பெங்களூர் இல்லை, மும்பை மாதுங்கா. பொண்ணு இந்திராநகர்ல இருக்கா, வருஷத்துல ரெண்டு மாசம் அங்க வந்து இருப்போம், அவ நாயை நான்தான் கப்பன் பார்க்குக்கு அழைச்சிண்டு போவேன். எங்க ஊர்ல ஃபைவ் கார்டன்ஸைச் சுத்தி நடக்கறதும் இதே மாதிரி நிழல்தான், சம தரைதான், ஆனா அங்க பக்கத்துலயே வண்டி போயிண்டிருக்கும், நாய்க்கு ஒரு நிம்மதி இருக்காது.

அக்கா எழுதின அரை வட்ட விஷயம் நூத்துக்கு நூறு. எனக்கு நடந்தது, ஒரு அம்மா குழந்தையோட வந்தா, மூணு வயசு இருக்கும், குழந்தை கையை நீட்டிண்டு நேரா நாய் மூஞ்சிக்கு ஓடி வந்துடுத்து. எங்க நாய் ரொம்ப சாது, ஆனா நான் அந்த வார்த்தையைச் சொல்லலை. நான் நடுவுல போய் நின்னுண்டு குழந்தைகிட்ட, மரம் மாதிரி நில்லு கண்ணா, அதுவா வரும்னேன், ஹிந்தியில சொன்னேன், குழந்தை ரெண்டு கையையும் ஒடம்போட ஒட்டிண்டு அப்படியே நின்னுது. நாய் வந்து முழங்கையை மோந்துது. அந்தச் சிரிப்பு இருக்கே. அந்த அம்மாகிட்ட சொன்னேன், எந்த நாயா இருந்தாலும் கேக்காம தொடவிடாதீங்கோன்னு, அவா கொஞ்சம் முகம் சுளிச்சா, பரவாயில்லை.


கிளினிக் உதவியாளர்:

நான் ஒரு கால்நடை கிளினிக்ல உதவியாளரா இருக்கேன், டாக்டர் இல்ல. ஆனா கடி விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா அந்த லேப்ரடார் கதையில நடுவுல புகுந்து பிரிக்கப் போறவங்க கைதான் எப்பவும் கடி வாங்கும், அக்கா உங்க கை தப்பிச்சது புண்ணியம்.

நாய் பல் மனுஷத் தோல்ல பட்டுச்சுன்னா, வளர்ப்பு நாயோ தெரு நாயோ, சின்ன கீறலோ, மொத வேலை ஓடுற தண்ணியில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவுறது. நல்லா மணி பாத்து பதினஞ்சு. மஞ்சப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அப்புறம் அன்னைக்கே ஆஸ்பத்திரி. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில தோலுக்கு அடியில போடுற ஊசின்னா 0, 3, 7, 28 ஆவது நாள், கையில சதையில போடுறதுன்னா நடுவுல 14 ஆவது நாளும் சேரும். ரத்தம் வந்த கடின்னா காயத்தைச் சுத்திப் போடுற சீரம் ஒண்ணு தனியா உண்டு, அதை அவங்க சொல்லலன்னா நீங்க கேளுங்க. வெறிநோய் அறிகுறி வந்துட்டா அப்புறம் காப்பாத்த முடியாது, அதனால இதுல அசட்டை வேண்டாம். எங்க வீட்டு நாய்தான், ஊசி போட்டதுதான்னு விட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வந்து கேக்குறவங்களப் பாக்கும்போது எனக்கு கை கால் நடுங்குது.

அஜ்ஜி காதுல வெட்டு இருக்குன்னு அக்கா கவனிச்சது நல்லது. ஆபரேஷன் பண்ணும்போதே வெறிநோய் ஊசியும் போட்டுதான் புடிச்ச எடத்துலயே திருப்பி விடுவாங்க, ரூல் அதான். ஆனா அந்த ஊசி ஒரே தடவ போட்டா ஆயுசுக்கும் நிக்காது, திரும்ப போடணும். அங்க சோறு வைக்கிறவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க.


ஹலசூர் அக்கா:

கேட்டேங்க. காலையில அஜ்ஜிக்குத் தயிர் சோறு கொண்டு வர்ற ரிட்டயர்ட் டீச்சரம்மா ஒருத்தர் இருக்காங்க, ஒரு நோட்டுல தேதி எழுதி வச்சிருக்காங்க, வருஷா வருஷம் போட்டுட்டுதான் இருக்காங்களாம். 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் டெல்லி தெருநாய்ங்கள எல்லாம் புடிச்சு அடைச்சு வைக்கணும்னு உத்தரவு போட்டப்ப அவங்க ரொம்ப பயந்துட்டாங்களாம், இங்கயும் புடிச்சுட்டுப் போயிடுவாங்களோன்னு தினமும் விடியறதுக்கு முன்னாடியே வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. அப்புறம் 22 ஆம் தேதி ஆபரேஷனும் ஊசியும் போட்டு அதே எடத்துல விடலாம்னு மாத்துனாங்க இல்ல, வெறிநோய் இருக்கிறதும் மூர்க்கமா இருக்கிறதும் தவிர, அதுக்கப்புறம்தான் தூங்குனேன்னு சொன்னாங்க.


சிவாஜிநகர் பொண்ணு:

நான் நாய் வளக்கல. எனக்கு நாய்னா பயம், எட்டு வயசுல தொடையில கடி வாங்கினேன், இப்பவும் தழும்பு இருக்கு. இங்க எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன், எல்லாரும் நாய்க்காரங்க, ஆனா நானும் அதே பாதையிலதான் நடக்குறேன், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க, எங்க ஏரியாவுல மரமும் இல்ல நடைபாதையும் இல்ல.

உங்க எல்லாருக்கும் அது ஒரு சந்தோஷமான நேரம், எனக்கு ஒவ்வொரு திருப்பத்துலயும் நெஞ்சு அடிச்சுக்கும். நாய் வர்றதப் பாத்ததும் நான் நின்னுடுவேன், மரத்துக்குப் பின்னாடி போயிடுவேன். அப்ப எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஒண்ணும் பண்ணாதும்மா, பயப்படாதன்னு சொல்லிட்டு நாயோட என்னைக் கடந்து போவாங்க, சில பேர் வேணும்னே பக்கத்துல கூட்டிட்டு வந்து தொட்டுப் பாரு பயம் போயிடும்பாங்க. போகாதுங்க. அன்னைக்கு என்னைக் கடிச்ச நாயோட வீட்டுக்காரங்களும் அதேதான் சொன்னாங்க, ஒண்ணும் பண்ணாதுன்னு.

ஆனா ஒரு தடவ, பிப்ரவரி கடைசி இருக்கும், ரோஸ் கலர் பூ பாதை பூரா கொட்டிக் கெடந்த நேரம், லைப்ரரிக்குப் பின்பக்கம். உயரமா ஒரு வெள்ளை நாய் எதிர்ல வந்துச்சு, மஞ்சள் துணி போட்டிருந்துச்சு. நான் நின்னுட்டேன். அந்தம்மா என்னைப் பாத்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல, நாய் முன்னாடி கையை இப்படிக் கீழ காட்டுனாங்க, ரெண்டு பேரும் பாதைய விட்டுப் புல்லுல இறங்கி ரொம்பத் தள்ளி சுத்திப் போயிட்டாங்க. நாய் என் பக்கம் திரும்பக்கூட இல்ல. நான் அங்கயே நின்னு அழுதேன், ஏன்னு அப்ப தெரியல. பாதையில என்னையும் ஒரு ஆளா நெனச்சு யாரோ வழி விட்டாங்கன்னு இருந்துச்சு.

அக்கா, அது நீங்களா?


சிப்பிப்பாறைக்காரன்:

தங்கச்சி, நீ எழுதினது நல்லது. நானும் ஒண்ணும் பண்ணாதுன்னு எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன், நல்ல எண்ணத்துலதான் சொன்னேன், இனிமே சொல்ல மாட்டேன், ஒதுங்கி நின்னுடுறேன். பிரவுன் கலர் ஒல்லி நாயோட நீலத் தொப்பி போட்டு ஒருத்தன் வந்தா அது நான்தான், நீ அப்படியே நேரா நட, நாங்க எறங்கிக்கிறோம்.


ஜெயநகர் ஏழாவது பிளாக்:

நாங்களும். பீகிள் குரைக்கும், ஆனா அதுக்கு முன்னாடியே நான் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்.


ஹலசூர் அக்கா:

ஆமாம்மா நான்தான், முத்துதான் அது. கையக் கீழ காட்டுனா என்னோட ஒட்டி நடன்னு அர்த்தம், அவனுக்கு இருவது சைகை தெரியும். நீங்க பச்சை சுடிதார் போட்டு குடைய மார்போட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, திரும்பிப் பாக்கலாமான்னு நெனச்சேன், பாத்தா நீங்க இன்னும் பயந்துடுவீங்களோன்னு பாக்காம போயிட்டேன். அழுதீங்கன்னு தெரிஞ்சிருந்தா தூரத்துலேர்ந்தாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பேனே.

நாங்க வர்றது செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு, காலையில ஆறேகாலுக்கு கஸ்தூர்பா ரோடு பக்கம், ஏழு மணிக்கு மூங்கில்கிட்ட இருப்போம், ஏழரைக்கு லைப்ரரி. நீங்க முத்துவைப் பாக்க வேண்டாம், தொட வேண்டாம், உங்களுக்கு எங்களைத் தவிர்க்கணும்னாலும் நேரம் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் எழுதுறேன்.


சிவாஜிநகர் பொண்ணு:

சரிக்கா. நான் ஏழேகாலுக்கு லைப்ரரி பக்கம்தான் வருவேன். நேரத்தை மாத்திக்க மாட்டேன்.